கம்பிப் பூச்சும் தங்கையின் கணக்கும்

மின்விசிறி மோட்டாருக்குச் செம்புக்கம்பி செய்யும் தொழிற்சாலையில், வார்னிஷ் பூசும் பிரிவுக்கு அவர்தான் போர்மன். முப்பத்தோரு வருடமாக அதே பிரிவு. தலைமுடி கனத்தில் ஓடும் கம்பி வார்னிஷில் முங்கி, நீளமான அடுப்புக்குள் நுழைந்து, மறுமுனையில் பளபளவென்று வெளியே வரும். சுருளை விரலால் ஒரு தடவு தடவினால் போதும், பூச்சு தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார்.

அவருடைய ஒரே தங்கை பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியை. ஆனால் சோதனைக்கூடம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், சுவரை அடைத்துக்கொண்டு ஒரு கரும்பலகை, அவ்வளவுதான். “அடுப்பே பத்தவைக்காத சமையல்காரி” என்று அண்ணன் கேலி செய்வார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்பா போன பிறகு இரண்டு ஷிப்ட் பார்த்து அவளைப் படிக்கவைத்தவர் அவர். இவ்வளவு படித்து இவள் போடும் கணக்கு யாருக்கு ஆகிறது என்ற கேள்வி மனசின் ஓரத்தில் இருந்தது. வாய்விட்டுக் கேட்டதில்லை. அவள் முகம் வாடிவிட்டால்?

அந்த வருடம் இன்னும் மெல்லிய கம்பிக்கு ஆர்டர் வந்தது. வந்ததிலிருந்து தலைவலி. பூச்சில் கடுகைவிடச் சின்னதாகக் கொப்புளங்கள். சூட்டை ஏற்றினார், வேகத்தைக் குறைத்தார், தொட்டியைக் கழுவி வேறு வார்னிஷ் ஊற்றினார். பதினோரு நாளும் கொப்புளம் அசையவில்லை.

பன்னிரண்டாம் நாள், புதிதாக வந்திருந்த என்ஜினீயர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் நாலைந்து தாள்களோடு வந்தார். மேல்தோல் முந்திக்கொண்டு காய்ந்துவிடுகிறது, வார்னிஷை இளக்கக் கலந்த கரைப்பான் உள்ளே மாட்டி, வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டு கொப்புளமாகக் கிளம்புகிறது என்றார். மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கொஞ்சம் கலந்து, அடுப்பின் முதல் பகுதியில் நாற்பது டிகிரி குறைக்க வேண்டுமாம்.

“சீக்கிரம் காயணும்னுதானே சார் இத்தனை வருஷமா பாடுபடுறோம்” என்றார் போர்மன்.

“எனக்கும் நம்பிக்கை வரல சார். ஆனா கணக்கு அப்படித்தான் சொல்லுது. ஒரு சுருள் ஓட்டிப் பாத்துடலாம்.”

ஓட்டினார்கள். போர்மன் சுருளைத் தடவினார். திருப்பி இன்னொரு தடவை தடவினார். விரலில் எதுவுமே தட்டுப்படவில்லை. அந்தத் தாளைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். பாதிக்கு மேல் சமன்பாடுகள், ஒரு வரிகூடப் புரியவில்லை. தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயர் ஒன்றே ஒன்று இருந்தது, அப்பாவின் முதலெழுத்தோடு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“இது என் தங்கச்சி, சார்.”

என்ஜினீயர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இந்தக் கட்டுரையை ஆதாரமாக வைத்து நாலாயிரம் கட்டுரைகளுக்கு மேல் வந்திருக்கின்றன என்றார். மாத்திரைக்கு மேல்பூச்சு போடுகிறவர்கள், கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிறவர்கள், கப்பலுக்குப் பெயிண்ட் செய்கிறவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கல்லூரியில் இந்தச் சமன்பாட்டை அவள் பெயரைச் சொல்லித்தான் படித்தாராம். எப்போதோ வாழ்ந்து மறைந்தவர் என்று நினைத்திருந்தாராம்.

போர்மன் சாயங்காலம் உடுப்பைக்கூட மாற்றாமல் நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், தாளை மேசைமேல் வைத்து, கம்பியில் கொப்புளம் வந்ததையும் போனதையும் சொன்னார்.

“இதா? எழுதி இருபத்திமூணு வருஷம் ஆச்சுண்ணா. மூணு இதழ்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

“நாலாயிரம் பேர் எடுத்திருக்காங்களாம். ஒரு வார்த்தை சொல்லலியே நீ.”

“எத்தனைன்னு எனக்கும் தெரியும். யார் கைக்குப் போச்சு, அங்க என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது. உன்கிட்ட என்னன்னு சொல்ல?” என்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். “அந்தக் கொப்புளத்த நீ கண்ணால பாத்தியா?”

சட்டைப்பையிலிருந்து கொப்புளம் விழுந்த ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் போய் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கரும்பலகையில் ஆயிரம் தடவை வரைந்திருப்பாளாம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் சின்னப்பெண் குரல்போல இருந்தது.

அடுத்த வாரம் அனுமதி வாங்கி அவளைத் தொழிற்சாலைக்கு அழைத்துப்போனார். அளவுக்கு மீறிப் பெரிய தொப்பியோடு அவள் அடுப்பின் வாயருகே நின்றாள்.

“உள்ள போறது வெளிய வர எவ்வளவு நேரம்?”

“பன்னெண்டு செகண்ட்.”

“இந்தப் பன்னெண்டு செகண்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு கணக்குப் போட எனக்கு ஆறு வருஷம் ஆச்சுண்ணா.”

முப்பத்தோரு வருடம் அந்த அடுப்பின் முன்னால் நின்றவர் அவர். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இவ்வளவு நடக்கிறது என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அதைக் கண்டவள் அடுப்பையே பார்க்காமல் கண்டிருக்கிறாள்.

யார் வந்திருப்பது என்று மெஷின்காரர் காதோரம் கேட்டார். வார்னிஷ் எப்படிக் காய்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர் என்றார் போர்மன். தங்கச்சி என்பதை அடுத்துத்தான் சொன்னார். மெஷின்காரர் தன் ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டார். அவள் கவனிக்கவே இல்லை. கம்பி வந்துகொண்டே இருந்தது, அவள் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.