அணை பங்களாவின் பின்கதவு

இது நடந்த கதை. நடந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை. நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. ஆனால் லோகப்பிரியா இன்றைக்கும் தலை குனிந்து நடப்பது பயத்தால் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அவளும் இளவேனிலும் கோவையில் கட்டடக்கலை படிக்கிறவர்கள். மூன்று வருடமாக ஒரே ஹாஸ்டல் அறை, பல நாள் ஒரே தட்டு. பழைய வீடு ஒன்றை அளந்து வரைந்து வரச் சொன்னார்கள். "எங்க பங்களாவயே அளக்கலாம் வா" என்றாள் பிரியா. அணை கட்டியபோது ஊரெல்லாம் முழுகிப்போக, மேட்டில் இருந்ததால் தப்பித்த வீடு அது. நாலு பக்கமும் தண்ணீர். பிரியாவின் குடும்பம் அன்னூருக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிறது.

இளவேனிலின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காடு தோட்டத்தில் பாடுபட்டது. "எங்க ஊட்ல அதெல்லாம் பாக்க மாட்டாங்க" என்று பிரியா அவளிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். இளவேனில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. இவளாகத்தான் சொல்வாள்.

பரிசல்காரர் காளிச்சாமி இருவரையும் முன்வாசலில் இறக்கிவிட்டுப் பரிசலிலேயே உட்கார்ந்துகொண்டார். மத்தியானம்தான். ஆனால் வானம் மூடிக்கொண்டு வந்தது.

சமையல்கட்டில், பின்கதவை ஒட்டிய சுவரில், நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல் தூம்பு, சுவரைத் துளைத்துப் போகும் குழாய்போல. வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கியது. இளவேனில் டேப்பை வைத்து அளந்தாள்.

"இது எதுக்குப் பிரியா? என்னன்னு எழுதட்டும்?"

பிரியாவுக்குத் தெரியும். பண்ணையாட்கள் உள்ளே வரக்கூடாது. வெளியே நின்று கையேந்துவார்கள். இங்கிருந்து ஊற்றுவார்கள். அப்பா சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"சாக்கடைத் தண்ணி போறதுக்கு" என்றாள்.

இளவேனில் அப்படியே எழுதிக்கொண்டாள். நெஞ்சு உயரத்தில் என்ன சாக்கடை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு மாடியை அளக்கப் போய்விட்டாள். பிரியாவுக்கு முகம் எரிந்தது.

மழை பிடித்தது. மணி மூன்று இருக்கும்.

தட்... தட்...

பின்கதவு.

காளிச்சாமி நனைந்துகொண்டு வந்துவிட்டார் போல. பிரியா தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"அம்மணி... கதவத் தொறங்க..."

பெண் குரல்.

"யாருங்க?"

"வளவுல இருந்து வாரேனுங்க. புள்ளைக்கு நடுங்குதுங்க அம்மணி..."

வளவு என்றால் பண்ணையாட்கள் குடியிருப்பு. அந்தச் சொல் காதில் விழுந்ததும் பிரியாவின் கை தாழ்ப்பாளை விட்டு விலகியது. பேய் என்ற நினைப்பே அப்போது இல்லை. உயிருள்ள ஒருத்தி, கைக்குழந்தையோடு, மழையில் நிற்கிறாள் என்றுதான் நினைத்தாள். அப்படி நினைத்தும் திறக்கவில்லை.

குனிந்து தூம்பு வழியாகப் பார்த்தாள். வெளிமுனையில் இரண்டு கைகள். சேர்த்துக் குவித்திருந்தன. ஊறி ஊறி வெளுத்த கைகள்.

தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. கை தானாக உயர்ந்தது. தூம்பில் ஊற்றினாள்.

கைகள் அசையவில்லை. தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகியது.

"தண்ணி வேண்டாங்க... கதவத் தொறங்க..."

மொத்தத்தையும் ஊற்றினாள்.

"தொறங்க..."

குரல் கதவின் அடியிலிருந்து வந்தது.

"தொற..."

இப்போது தரைக்கும் கீழே...

குளக்... குளக்...

அவ்வளவுதான்.

"ஏன் தொறக்கல?"

பிரியா அலறித் திரும்பினாள். படிக்கட்டில் இளவேனில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! ஓடிவந்து அவளே தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது.

வெளியே நிற்க ஒரு அடி மண் இல்லை. மேடு எப்போதோ கரைந்துபோயிருந்தது. வாசற்படிக்குக் கீழே செங்குத்தாகப் பள்ளம், அதில் அணைத் தண்ணீர்.

"அப்பாடா... ஆளே இல்ல" என்றாள் பிரியா.

"இல்லைன்னு உனக்கு இப்பத்தான தெரியும்?" என்றாள் இளவேனில்.

பிரியா காலி பாட்டிலைப் பையில் திணித்துக்கொண்டு பரிசலுக்கு ஓடினாள்.

நடு அணையில் சிக்னல் கிடைத்தது. அப்பா லட்சுமணசாமி கூப்பிட்டார். மழை இரைச்சலில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அளந்தாச்சா கண்ணு? பின்னாடித் தூம்பப் பாத்தியா? அணைல மொதமொதல்லத் தண்ணி ஏறுன ராத்திரி, வளவுச் சனமெல்லாம் மேடேறி வந்து கதவத் தட்டுச்சாம். எங்க அப்பாரு ஒருத்தரையும் பட்டினி போடல. அந்தத் தூம்பு வழியாவே அத்தன பேருக்கும் கஞ்சி ஊத்தச் சொன்னாரு..."

பிரியா போனை அணைக்கப் பார்த்தாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை.

"பாவாத்தாள்னு ஒருத்தி, இடுப்புல புள்ளையோட. கஞ்சி வேண்டாங்க, கதவத் தொறங்கன்னு நின்னாளாமா. கடைசி வரைக்கும் வாங்கல. அந்த நெலமைலயும் திமிரப் பாரு! விடிஞ்சு பாத்தா ஆளுமில்ல, புள்ளையுமில்ல."

காளிச்சாமி துடுப்புப் போடுவதை நிறுத்தியிருந்தார். இளவேனில் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்காவது முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமே என்று பிரியா பையை எடுத்து மடியில் வைத்தாள். பை கனத்தது. உள்ளே கை விட்டாள்.

பாட்டில். அவள் கவிழ்த்து ஊற்றிய அதே பாட்டில்... மூடி வரைக்கும் நிறைந்திருந்தது.

இளவேனில் அதைப் பார்த்தாள்.

"இப்பவும் வாங்கல" என்றாள்.