பக்கத்து வீட்டு லூசினா

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மெல்பனில், பிரன்ஸ்விக் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பக்கத்து வீட்டுக் கதவில் லூசினா என்ற இத்தாலியக் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படித்த அப்பாவுக்கு அந்தப் பெயரைக் கண்டதில் தனி மகிழ்ச்சி.

“பழைய ரோமாபுரியில ஜூனோ எண்ட தெய்வத்துக்கு லூசினா எண்டும் ஒரு பேர். பிள்ளைப்பேற்றைக் காக்கிற அம்மன்,” என்றார்.

அம்மா அப்போது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். “பக்கத்து வீட்டு மிஸிஸ் லூசினாவுக்கே பிள்ளை குட்டி இல்லை. பேர் இருந்து என்ன?” என்றார்.

ஒரு குளிர்காலப் பின்னேரம், அப்பா கார்த் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோது, அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் தொலைபேசியும் இல்லை.

“ஓடிப்போய் மிஸிஸ் லூசினாவைக் கூட்டிக்கொண்டு வா, பிள்ளை.”

ஓடினேன். நான் சொன்ன ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். என் முகத்தைப் பார்த்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிடும்படி கணவருக்குச் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டு, மாப் படிந்த கையோடு என் பின்னால் வந்தார்.

ஆம்புலன்ஸ் வருமுன்பே தங்கச்சி பிறந்துவிட்டாள். அழவில்லை. நீலம் பாரித்துக் கிடந்தாள். மிஸிஸ் லூசினா அவள் வாயைத் துடைத்துவிட்டு, துவாயால் முதுகைத் தேய்த்தார்; தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகுதான் பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீடு வந்த அன்று, மிஸிஸ் லூசினா சூப்பும் ஒரு பொட்டலமும் கொண்டுவந்தார். பொட்டலத்துக்குள் கம்பளியில் பின்னிய குழந்தைச் சட்டைகள். மடிப்புகளில் மஞ்சளேறிப் போயிருந்தன; ஒன்றுகூட உடுத்தியதாகத் தெரியவில்லை. புதுப் பிள்ளைக்கு எதற்குப் பழைய சட்டை என்று எனக்குக் கோபம். அம்மா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். பிறகு தங்கச்சியைத் தூக்கி மிஸிஸ் லூசினாவின் மடியில் கிடத்தினார்.

வெகுநேரம் அவர் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. இத்தாலிய மொழியில் ஏதோ முணுமுணுத்தார். நடுநடுவே “ரோசா, ரோசா” என்று கூப்பிட்டார். தங்கச்சிக்கு அப்பா வைத்த பெயர் அதுவல்ல. நான் திருத்தப் போனேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். “பேசாம இரு. கூப்பிடட்டும்.”

எங்கள் தமிழ்ப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை என்றுதான் நான் அன்று நினைத்தேன்.