சத்தம் அளந்த இடம்

திண்டிவனத்தில் மரக்காணம் சாலையில் நான் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்த கடையின் பின்பக்கத்து ஷெட்டில், சிமெண்ட் தரையில் ஒரு நாயின் கால்தடம் இருந்தது. தரை போட்ட அன்று, ஈரம் காய்வதற்குள் ஏதோ ஒரு நாய் மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. நான்கு விரல்களும் உள்ளங்கால் பள்ளமும் அச்செடுத்ததுபோல் நின்றுவிட்டன. பின்சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டியிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி அது இருந்தது. தூரத்தை இவ்வளவு சரியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒருநாள் நானே டேப் வைத்து அதை அளந்ததுதான். அந்தத் தடத்தின் மேல் நின்றுதான் நான் என் வாழ்க்கையின் மிக அசிங்கமான வேலையைச் செய்தேன்.

கடை, படகு மோட்டார்க் கடை. மரக்காணத்தைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் மோட்டார் வாங்கவும் பழுது பார்க்கவும் வருவார்கள். பத்தாவது முடித்த நான் பில் போடுவது, உதிரி பாகங்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது, ஃபோன் எடுப்பது என்று இருந்தேன். ஃபோன் எடுப்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். முன்பின் தெரியாதவர்களிடம் பேசினால் சின்ன வயதிலிருந்தே எனக்கு வார்த்தையே வராது. நாலு ஆண்கள் சேர்ந்து நின்றால் நான் தானாகச் சுவரோரம் போய்விடுவேன். முதலாளிக்கு இது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் அவர் சொல்வார்: "நம்ம பொண்ணு வாயே தொறக்காது. அடக்கம்னா அடக்கம். பொய் சொல்லுன்னாகூடச் சொல்லத் தெரியாது." கேட்கும்போது எனக்கு முகம் சூடாகும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் முதலில் குமட்டுகிறது.

முதலாளிக்கு ஊர் விழுப்புரம். காலையில் ரயிலில் வந்து இறங்குவார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், வாய் நிறைய வெற்றிலை. பேசுவதற்கு முன்னால் துப்ப வேண்டும் அவருக்கு. ஷெட்டில் இருந்தால் துப்புவதற்கு வெளியே போகமாட்டார், மோட்டார் ஓட்டிக் காட்டுகிற தண்ணீர்த் தொட்டியிலேயே துப்புவார். தொட்டியில் ஏற்கெனவே எரிந்த எண்ணெய் ஆடைபோல் மிதந்துகொண்டிருக்கும். அதன் நடுவில் சிவப்பாக அது விரியும். வாரத்துக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றுவதும் என் வேலை. வாளியில் மொண்டு ஊற்றும்போது கையில் ஒட்டுகிற வழவழப்பு எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. மத்தியானச் சாப்பாட்டில்கூட அந்த வாடை இருக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் ஓட்டியது டூ ஸ்ட்ரோக் மோட்டார். மண்ணெண்ணெயில் ஓடும், நீலப் புகை கக்கும், சத்தம் காதைக் கிழிக்கும். படகின் பின்பக்கத்தில் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்திருப்பவனுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இடைவெளி. அப்படியே நாளெல்லாம். பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் வந்தது. புகை குறைவு, சத்தம் குறைவு. கனமும் விலையும் அதிகம் என்பதால் யாரும் சட்டென்று வாங்கவில்லை. மூன்று மோட்டார்கள் அட்டைப் பெட்டியோடு மாதக்கணக்கில் கிடந்தன. அப்போதுதான் முதலாளி தம் ஃபோனில் சத்தத்தை அளக்கும் ஓர் ஆப்பை இறக்கிக்கொண்டார். சத்தம் ஏற ஏற எண் ஏறும், குறையக் குறைய இறங்கும். இரண்டு மோட்டார்களையும் தொட்டியில் மாட்டி ஓட்டி, எண்ணைக் காட்டி விற்பது என்று ஏற்பாடு. ஃபோனைப் பிடித்து எண்ணைப் படிக்க வேண்டியவள் நான்.

முதல் நாள் நடந்தது யாரும் திட்டமிட்டதல்ல. குப்பத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். டூ ஸ்ட்ரோக்கை ஓட்டியபோது புகைக்கு அவர்கள் விலகி நின்றதால் நான் தொட்டியின் பக்கத்தில் நின்று படித்தேன். தொண்ணூற்றெட்டு. பிறகு ஃபோர் ஸ்ட்ரோக்கை ஓட்டியதும் புது மோட்டாரைப் பார்க்க அத்தனை பேரும் நெருங்கிச் சூழ்ந்துகொண்டார்கள். மோட்டாரின் பக்கத்திலிருந்து தண்ணீர் மெல்லிசாகப் பீய்ச்சியது. எல்லா மோட்டாரிலும் அப்படித்தான் வெந்நீர் வெளியேறும். "பார்றா, பொறந்த புள்ள கணக்கா மோளுது" என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் வழக்கம்போல் நழுவிச் சுவரோரம் போயிருந்தேன். "எவ்ளோம்மா?" என்று முதலாளி கேட்டார். "எழுபத்து நாலுங்க" என்றேன். கூட்டம் ஆச்சரியப்பட்டது. முதலாளியும் ஆச்சரியப்பட்டுத்தான் திரும்பினார். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் காலடிக்குப் போனது. அங்கே அந்த நாய்க்கால் தடம். மெதுவாகச் சிரித்தார்.

அடுத்த முறையிலிருந்து ஃபோர் ஸ்ட்ரோக் ஓடத் தொடங்கியதும் அவரே சொல்லிவிடுவார்: "நீ அந்த நாய்க்கால் கிட்ட போய் நில்லும்மா. ஆம்பளைங்க கூட்டத்துல எதுக்கு இடிச்சிக்கினு." எனக்கு அதில் மரியாதைதான் தெரிந்தது. ஒரு முதலாளி தம்மிடம் வேலை செய்யும் பெண்ணின் கூச்சத்தை மதிக்கிறாரே என்று வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். கடலில் தொழில் செய்கிறவர்களுக்கு மோட்டாரைப் பற்றி முதலாளியைவிட அதிகம் தெரியும். வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஏமாற்றினால் அந்த நொடியே பிடித்துவிடுவார்கள். ஃபோனில் தெரிகிற எண் மட்டும்தான் அவர்களுக்குப் புதிது. அதைப் பிடித்திருந்தவளோ பொய் சொல்லத் தெரியாத பெண்.

ஒருநாள் மத்தியானம் மெக்கானிக் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக்கைத் தொட்டியில் ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். யாரும் இல்லை. சாப்பிடப் போன முதலாளியின் ஃபோன், அந்த ஆப்போடு என் கையில் இருந்தது. சும்மா தொட்டியை நோக்கி நடந்தேன். எண் ஏறியது. பக்கத்தில் போனபோது எண்பத்தாறு. பின்னால் நடந்தேன், இறங்கியது. தடத்தின் மேல் நின்றேன், எழுபத்து நாலு. மூன்று முறை நடந்து பார்த்தேன். அன்றுதான் டேப்பை எடுத்து அளந்தேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் சத்தம் குறைவு என்பது உண்மைதான், அதில் பொய்யில்லை. எவ்வளவு குறைவு என்பதில் சரிபாதி மோட்டாரின் சாமர்த்தியம் இல்லை, நான் நின்ற இடத்தின் சாமர்த்தியம். உண்மையைச் சொல்லி விற்றிருந்தாலும் அந்த மோட்டார்கள் கொஞ்சம் மெதுவாகவாவது விற்றுப்போயிருக்கும். அந்தக் கொஞ்சத்தைப் பொறுக்க முடியாமல்தான் அத்தனையும். தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? அடுத்த கூட்டம் வந்தபோது அவர் சொல்வதற்கு முன்பே போய்த் தடத்தின் மேல் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அண்ணன் வந்தார். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். ஐம்பது வயது இருக்கும். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். இருபது வருஷம் டூ ஸ்ட்ரோக் ஓட்டியதில் மோட்டார்ப் பக்கம் இருந்த இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி. அதனால் எதையும் கத்தித்தான் பேசுவார். அந்த அக்கா அவருடைய வலது காதோரம் வாய் வைத்து எல்லாவற்றையும் திரும்பச் சொல்லும். விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அக்கா என்னிடம்தான் நீட்டியது. "எண்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா பயமில்லையாம்மா. மேல போச்சுன்னா காதுல அடைப்பான் போட்டுக்கினு தான் கடலுக்குப் போவணுமாம். அத்தப் போட்டா கூட வர்றவன் கத்துறது எதுவும் கேக்கல, பேஜாரா இருக்குதுன்னு கழட்டிப் போட்டுடுது இது. நீ சரியாப் பாத்துச் சொல்லு."

மற்றவர்கள் எண்ணோடு தங்கள் காதையும் வைத்து முடிவு செய்தார்கள். அவருக்கு அந்தக் காது இல்லை. எண் மட்டும்தான் அவருக்குக் காது. மோட்டார் ஓடியது. முதலாளி தொட்டியில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தடத்தின் மேல்தான் நின்றிருந்தேன். பன்னிரண்டு அடி முன்னால் நடந்தால் போதும். யாரிடமும் வாயைத் திறக்கக்கூட வேண்டாம். கால் நகரவில்லை. அண்ணன்தான் என்னிடம் நடந்து வந்து ஃபோனை எட்டிப் பார்த்தார். "எழுபத்து நாலு!" என்று ஷெட் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "பாத்தியா, எழுபத்து நாலு! இனிமே அந்தக் கருமம் எனக்கு வேணாம்!" அடைப்பானை மடியிலிருந்து எடுத்து மனைவியின் கையில் கொடுத்தார். போகும்போது என்னைப் பார்த்து, "வர்றேன் தங்கச்சி" என்று கும்பிட்டார்.

ஒரு வருஷம் கழித்து அந்த அக்கா மட்டும் ஒரு சின்ன உதிரி பாகம் வாங்க வந்தது. அண்ணன் எப்படி இருக்கிறார் என்று முதலாளி கேட்டார். "இன்னா சொல்றதுங்க. வலது காதுலயும் இப்பக் கத்துனாத்தான் கேக்குது. மோட்டாரு நல்ல மோட்டாரு, கொற சொல்லக் கூடாது. அவரு காதுதான் சரியில்ல" என்றது. முதலாளி, "வயசாவுது இல்ல" என்று உச்சுக் கொட்டினார். அக்கா என் பக்கம் திரும்பி, "நீயே பாத்துச் சொன்னியேம்மா, எழுபத்து நாலுன்னு. அப்பறம் எப்படிப் போவும்?" என்று கேட்டது. அதில் குற்றச்சாட்டே இல்லை, என்னிடம் விளக்கம் கேட்டது, அவ்வளவுதான். நான் உதிரி பாகத்தின் பில்லைக் கிழித்து அக்காவிடம் நீட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரை நாளில் கடை அடைத்ததும் திண்டிவனத்திலேயே மரக்காணம் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பிரம்மதேசத்தைத் தாண்டும்போது இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். குப்பத்தில் விசாரித்துப் போனபோது, கடலிலிருந்து வந்த மோட்டாரின் உப்புப் போக, வீட்டு வாசலில் அண்ணனும் அக்காவும் ஒரு பீப்பாயில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிட்டிருந்தார்கள். எனக்கு நல்லதாகப் போயிற்று. பேசத் தயாரித்து வந்ததெல்லாம் தேவைப்படவில்லை. என் ஃபோனில் அந்த ஆப்பை இறக்கியிருந்தேன். மோட்டாரின் பக்கத்தில், அவர் படகில் உட்கார்ந்தால் அவர் காது இருக்கும் தூரத்தில், ஃபோனைப் பிடித்து அவரிடம் காட்டினேன். எண்பத்தாறு. அவரே கைப்பிடியைத் திருகினார். தொண்ணூறைத் தாண்டியது. திருகியதை விட்டார். எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ எங்க நின்ன?" என்று கத்தினார்.

நான் ஃபோனை அவர்களுக்கும் தெரிகிறமாதிரி சாய்த்துப் பிடித்தபடியே பின்னால் நடந்தேன். மணலில் கால் புதைந்தது. எண்பத்து மூன்று. எண்பது. எழுபத்தெட்டு. எழுபத்து நாலு வந்ததும் நின்றேன். எண்ணைப் படிக்க முடியாத தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். படிக்கவும் தேவை இருக்கவில்லை. அண்ணன் குனிந்து மோட்டாரை நிறுத்தினார். திடீரென்று அலைச் சத்தம் கேட்டது, எனக்கும் அக்காவுக்கும். மன்னிப்புக் கேட்க நான் ஓரடி முன்னால் எடுத்து வைத்தேன்.

"அங்கியே நில்லு" என்றது அக்கா. "கிட்ட வராத. நல்லா அடக்கமாத் தான் இருக்கிற."

மறுநாள் முதலாளியிடம் போய் வேலையை விடுகிறேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். அவரிடம் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபப்படவில்லை. நிதானமாக மென்று துப்பினார். "நான் எங்கம்மா பொய் சொன்னேன்? ஒரு நம்பராவது என் வாயால சொன்னனா? எல்லாம் நீ படிச்சது தான." அந்த வாயைப் பார்க்க எனக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்ததோ, அதிலிருந்து வந்தது உண்மை என்பது அதைவிட அருவருப்பாக இருந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கும்போது இன்றைக்கும் சில நாள் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் மறுபடியும் அடைப்பான் போட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார் என்று அந்தப் பக்கத்து மீன்காரப் பெண் ஒருத்தி சொன்னாள். மிச்சம் இருந்த பாதிக் காதில் எவ்வளவு மிஞ்சியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடை இப்போது இல்லை. அதே ஷெட்டில் இருசக்கர வண்டி கழுவுகிறார்கள். போன மாதம் தங்கையின் ஸ்கூட்டரைக் கழுவ அவளோடு போக நேர்ந்தது. பின்பக்கச் சந்து வழியாக உள்ளே போன பிறகுதான் எனக்கு இடம் புரிந்தது. தொட்டியை இடித்துவிட்டார்கள். அது இருந்த இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி, கழுவுகிற ஆள் கம்ப்ரசரைப் போட்டார். காது அடைக்கும் சத்தம். என் கால் தானாகச் சுவரோரம் நகர ஆரம்பித்திருந்தது. அவரும் குழாயைத் தூக்கியபடி கத்தினார்: "அக்கா, சேறு தெறிக்கும். அப்படிக்கா செவுத்துக்கிட்ட போய் நின்னுக்கங்க!" அவர் கை காட்டிய இடத்தில் நான்கு விரல்களும் உள்ளங்கால் பள்ளமும் அப்படியே இருந்தன. பள்ளத்தில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. தங்கை அதைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். எண்ணெயும் மண்ணும் கலந்த தண்ணீர் என் புடவையிலும் கையிலும் முகத்திலும் தெறித்தது. கழுவி முடிக்கும்வரை நகரவில்லை.