ஆடு முட்டும் கடிகாரமும் அத்திம்பேரும்

என் அக்காவின் கணவர் கும்பகோணத்துக்காரர். ஒரு கல்யாணப் பந்தியில் என் மலையாளம் கலந்த தமிழைப் பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தவர். அவர் திருவனந்தபுரம் வருவதற்காக இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

சென்ற மாதம் அக்காவோடு வந்தார். பத்மநாப சுவாமியைத் தரிசித்துவிட்டு மத்தியான ரயிலில் திரும்ப வேண்டும். கோயிலுக்கு எதிரே ஒரு கடிகாரம் உண்டு. மணி அடிக்கும்போது அதிலுள்ள தாடிக்காரன் வாயைத் திறப்பான். இரண்டு ஆடுகள் அவன் கன்னத்தில் முட்டும். மணிக்கு ஒரு தடவைதான். பதினொன்று அடித்து ஓய்ந்த பிறகு அவரை அதன் கீழே நிறுத்தினேன்.

"இப்போ வாயைத் திறக்கும், கேட்டேளா. கண்ணை எடுக்காம பாருங்கோ."

"நடை அடைச்சுடுவாளேடா" என்றாள் அக்கா.

"நேரமிருக்கு" என்றேன்.

ஒரு மணி நேரம் வெயிலில் அண்ணாந்து நின்றார். அவர் வழுக்கையில் வேர்வை வழிவதை நிழலில் நின்று ரசித்தேன். பன்னிரண்டு அடித்தது, ஆடுகள் முட்டின. அத்திம்பேர் குழந்தைபோல் கைதட்டினார். "உங்க ஊர்லே இது ஒண்ணுதான்டா உருப்படி."

கோயில் நடை அடைத்துவிட்டார்கள். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. அக்காதான், நேர்ந்துகொண்டு கொண்டுவந்த துளசி மாலையை என் கையில் கொடுத்தாள். "சாயங்காலம் நீயே சாத்திடுடா" என்றவள் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு ரயிலடிக்கு நடந்தாள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் தரிசனம், பிறகுதான் கடிகாரம். அத்திம்பேருக்கு மட்டும் அந்த விதி கிடையாது. அடுத்த முறை நானும் அக்காவும் சாவகாசமாகத் தரிசனம் முடித்து வரும்வரை அவர் அங்கேயே அண்ணாந்து நிற்கட்டும்.