ஃபோர்மேன் வாங்கித் தந்த கிளிப்புகள்

என் மீட்டர் பையில் இரண்டு கிளிப்புகள் கிடக்கின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. முதலை வாய் போலப் பல் வைத்தவை. சவூதியின் அல் கோபாரில் எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி தன் கைக்காசில் வாங்கி எலக்ட்ரீஷியன்கள் எல்லாருக்கும் கொடுத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. காரணம் எங்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஆகஸ்டு மாதம். வில்லா ஒன்றின் குளியலறைத் தரைக்கு அடியில் சூடேற்றும் மின்பாய் விரிக்க வேண்டும். செருப்பு உருகும் வெயிலில் தரையைச் சூடாக்கப் போகிறோமே என்று சிரிக்காதவர் இல்லை. குளிர்காலத்தில் வீட்டுக்காரரின் தாயாருக்குச் சலவைக்கல்லில் கால் வைக்க முடியாதாம். டைல் ஒட்டிய பிறகு கோளாறு தெரிந்தால் தரையையே உடைக்க வேண்டும். அதனால் விரிக்கும் முன்பே மல்டிமீட்டரால் சோதிப்போம். மின்கம்பிக்கும் எர்த் கம்பிக்கும் நடுவே மீட்டர் எந்த எண்ணும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே எங்கோ உறை கிழிந்திருக்கிறது என்று பொருள்.

அண்ணாச்சி கம்பிகளை மீட்டர் முனைகளோடு சேர்த்து விரல்களால் அழுத்திப் பிடித்தார். எண்கள் ஓடின. பாயைத் தூக்கி வந்தவர் ஸ்டோரில் வேலை பார்த்த ராமநாதபுரத்துக்காரர். வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. "கீழ போட்டியால?" என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை என்றார் அவர். அண்ணாச்சி விடவில்லை, குரல் ஏற ஏறக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்டோர்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே, வண்டியிலேர்ந்து எறக்கும்போது நழுவிருச்சு" என்றார். பாய் வெளிநாட்டிலிருந்து தருவித்தது. "கலாஸ், கேன்சல்" என்றார் இன்ஜினியர். கலாஸ் என்றால் அரபியில் 'முடிந்தது'. விசாவை ரத்து செய்து ஒருவரை ஊருக்கு அனுப்ப அங்கே 'கேன்சல்' என்ற ஒரு சொல் போதும்.

டிக்கெட்டுக்காக அவர் நாங்கள் தங்கியிருந்த கேம்பில் காத்துக்கொண்டிருந்தபோதே புதுப் பாய் வந்துவிட்டது. முத்திரையை உடைத்துப் பிரித்தவர் அண்ணாச்சியே. அதிலும் எண்கள் ஓடின. பிறகு கம்பிகளை விட்டுவிட்டு, மீட்டரின் வெறும் முனைகளை மட்டும் விரல்களால் பிடித்துப் பார்த்தார். அப்போதும் ஓடின. மீட்டர் இரண்டு முறையும் காட்டியது வியர்வையில் நனைந்த அவர் விரல்கள் வழியே ஓடிய மின்சாரத்தை. கழித்துப் போட்டிருந்த பழைய பாயைத் தேடி எடுத்துக் கை படாமல் சோதித்தோம். அதில் ஒரு பழுதும் இல்லை.

அண்ணாச்சி ஒளிக்கவில்லை. நேரே இன்ஜினியரிடம் போய்த் தன் தவறு என்று சொன்னார். ஊருக்கு அனுப்புவது நின்றது. அன்று மாலை கேம்புக்கு வந்து, பெட்டி கட்டி வைத்திருந்த ஸ்டோர்காரரின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீதான் போடலியே. பெறகு ஏம்ல போட்டேன்னு சொன்ன?"

"போடலன்னுதாண்ணே மொதல்ல சொன்னேன். நீங்க கோவப்பட்டீக. ஆமான்னு சொன்னவொடனதான் கேக்குறத நிறுத்துனீக." அவர் குரலில் கோபமே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, விரல் படாமல் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்புகள் வந்தன. ஸ்டோர்காரரும் வேலையில் தொடர்ந்தார். ஆனால் சைட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், யாரும் கேட்கும் முன்பே "நான்தாண்ணே" என்பார். அண்ணாச்சி அங்கிருந்து எழுந்து போய்விடுவார்.

இப்போது தஞ்சாவூரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு மோட்டார் ஓடவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே என்னிடம் வேலை பார்ப்பவர், "நான்தான் சார் ஏதோ பண்ணிட்டேன்" என்றார். இவரிடம் நான் எப்போது அப்படிக் கத்தினேன் என்று யோசித்துப் பார்த்தேன்; நினைவுக்கு வரவில்லை.

"எதுவும் சொல்லாதீங்க. மொதல்ல பாப்போம்" என்று பையிலிருந்து கிளிப்புகளை எடுத்தேன். என் விரல்கள் நனைந்திருந்தன.