கல்லாற்றங்கரையில் காணாமல் போன குப்பை

காலை 6.40. திருவனந்தபுரம் கரமனையில் தோழி வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. முந்தி வருகிற வண்டி வழியில் எங்கேயாவது படுத்துக்கொள்ளும். நான் நாகர்கோவிலில் இங்கிலீஷ் டீச்சர், எதையும் லேசில் நம்பமாட்டேன்.

வேனுக்குள் வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு டஜன் பேர், கூட அவர்களுடைய பேராசிரியை. இயற்கைப் பாதுகாப்பைக் களத்தில் படிக்கத் திருவனந்தபுரம் வந்திருக்கிறார்கள். ஏற்பாடு செய்திருந்த மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் வந்துவிட, மலையாளமும் தெரியும் என்று தோழி என்னைக் கோத்துவிட்டாள். ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டியைத் தோளில் மாட்டியிருந்தார்கள். காலைச் சாப்பாடோ பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. பார்த்துவைத்துக்கொண்டேன்.

நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு ஏறக்குறைய 45 கிலோமீட்டர். டிரைவர் சரியான பாதையில்தான் போகிறாரா என்று போனில் வரைபடத்தைப் பார்த்தபடியே இருந்தேன். அவர் கண்ணாடியில் கவனித்துவிட்டு, தன் மனைவிகூட இந்த அளவுக்குத் தன்னைச் சோதித்ததில்லை என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார்.

வழியில்தான் பேராசிரியை விஷயத்தைச் சொன்னாள். ஆற்றங்கரையில் எந்தக் கடைக்கு முன்னால் எவ்வளவு குப்பை கிடக்கிறது என்று எடை போடப்போகிறார்கள். அந்தக் கடைகளை வைத்திருக்கலாமா, அப்புறப்படுத்தலாமா என்று முடிவு செய்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்ப்பார்களாம். ஒரு காலைநேரத்துக் குப்பையை நிறுத்து ஒருவர் பிழைப்பைத் தீர்மானிப்பதா?

8.50. கல்லாற்றில் இறங்கினோம். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் தெளிவாக ஓடியது. கரையில் ஒரு மிட்டாய்க் காகிதம்கூட இல்லை. பிள்ளைகள் கையுறையை மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தார்கள்.

முந்தின நாள் ஞாயிறு. பொன்முடிக்குப் போகிற கூட்டமெல்லாம் இங்கே இறங்கிக் குளித்து, தின்றுவிட்டுத்தான் மலையேறும். அப்படியிருக்க இந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது? நாம் வருவதை யாரோ கடைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்றாள் பேராசிரியை. எனக்கும் அதே எண்ணம்தான். குப்பையை ஆற்றில் தள்ளியிருப்பார்கள் என்று கீழ்ப்பக்கம் போய்ப் புதரையெல்லாம் விலக்கிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

முதல் கடை சரோஜாவுடையது. ஐம்பது வயதிருக்கும். கல்யாணமாகி நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தவர். என் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. டீ பன்னிரண்டு ரூபாய், கண்ணாடி கிளாஸில். பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியை வாழையிலைத் துண்டில் வைத்துத் தந்தார். சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள் என்று எங்கள் டிரைவர் முந்தின நாளே போனில் சொன்னாராம். பக்கத்துக் கடைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு இருட்டும்வரை பெருக்கியிருக்கிறார்.

“வீட்டுக்கு ஆளு வருதுன்னா முற்றத்த தூத்து வாராம இருக்கப் பற்றுமா டீச்சரே?” என்றார்.

இவ்வளவு வெள்ளந்தியாகவும் ஒருத்தி இருப்பாளா? நான் நம்பவில்லை. குப்பை எங்கே என்று கேட்கச் சொன்னாள் பேராசிரியை. கேட்டேன். சரோஜா கடைக்குப் பின்னால் ஓடி, கழுத்துவரை நிறைந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து போட்டார்.

“இதா வேணும்? முந்தியே சொல்லப்பிடாதா!”

சாக்குக்குள் சிப்ஸ் உறைகள், பிளாஸ்டிக் தம்ளர்கள், பீர் புட்டிகள், குழந்தைகளின் டயாப்பர்கள். இதில் ஒன்றுகூட அந்தக் கடையில் விற்பதில்லை. என் சந்தேகத்தை நினைத்து எனக்கே கூசிப்போயிற்று. வாயை மூடிக்கொண்டிரு அம்மா என்று சரோஜாவிடம் சொல்வதற்குள், இது யார் போட்ட குப்பை என்று பேராசிரியை கேட்டுவிட்டாள். அதைத் தமிழில் சொன்னேன்.

சரோஜா யோசிக்கவே இல்லை. “தின்னுட்டுப் போறவங்கள குத்தம் சொல்லக் கூடாதில்லா? எங்க முற்றத்துல கெடந்துது. அப்ப எங்க குப்பதான்.”

பேனாவைத் திறந்துகொண்டு பேராசிரியை என்னைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த சுற்றுலாக் கூட்டம் போட்டுவிட்டுப் போனது என்கிறார், கடையில் பிளாஸ்டிக்கே கிடையாதாம் என்று நிதானமாக இங்கிலீஷில் சொன்னேன். பேராசிரியை எழுதிக்கொண்டாள். தான் சொன்னதுதான் எழுத்தில் ஏறுகிறது என்று நினைத்து சரோஜா எனக்கு இன்னொரு டீ ஊற்றினார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

மதியம் கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு சாக்கையும் இரண்டு தடவை நிறுத்தார்கள். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று ஒரு பையன் அதையும் சோதித்தான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். என் மொழிபெயர்ப்பை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை.