பாலத்துக்கு முன்னால் இறங்கியவன்

பேச்சிராஜாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. லோக்கல் டிரெயினில் பெட்டி காலியாகவே கிடந்தாலும் கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பான். வேலையும் அப்படித்தான். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் தாராவியில் பை தைக்கும் பட்டறைக்குப் போனான். பிறகு செம்பூரில் மொபைல் ரிப்பேர் கடை. பிறகு மாட்டுங்காவில் ஒரு கஃபேயில் தட்டு எடுக்கும் வேலை. இப்போது பைக்கில் பார்சல் கொண்டுபோகிறான். இதுவும் எத்தனை நாளைக்கோ என்று அவன் அம்மா தெருவில் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை அந்த மாட்டுங்கா கஃபேயில்தான் பிடித்தான். ஒரு மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். பலகை இல்லை, காய் இல்லை. ஒருத்தர் கதை சொல்கிறார்: "கோட்டைக் கதவு பூட்டியிருக்கிறது. என்ன செய்கிறீர்கள்?" மற்ற நால்வரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் பூட்டை உடைக்கிறேன் என்கிறார், இன்னொருவர் சுவர் ஏறுகிறேன் என்கிறார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள டைஸை உருட்டுகிறார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. பேச்சிராஜா தண்ணீர் வைக்கிற சாக்கில் அந்த மேசையையே சுற்றிச் சுற்றி வந்தான். கதை சொல்கிறவரை அவர்கள் கேம் மாஸ்டர் என்றார்கள். அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று அன்றைக்கே அவனுக்குத் தோன்றிவிட்டது.

இடம் கிடைத்தது தாராவியில் அவன் முதலில் வேலை பார்த்த இனாயத்துல்லா பாயின் பட்டறை மாடியில். ஞாயிற்றுக்கிழமை அங்கே மெஷின் ஓடாது. செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப்போனால் தோல் கட்டுகளும் பசை வாசனையும். பாயின் மகன் தப்ரேஸ் கூடப் படித்தவன், முதல் ஆள் அவன்தான். அடுத்து மாலதியக்கா. செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கவுண்டரில் உட்காருகிறவள். மூன்றாவது கோகிலவாணி, காலேஜில் படிக்கிறவள், மாலதியின் பழைய பக்கத்து வீடு. மாலதி கூட இருக்கிறாள் என்பதால்தான் கோகிலாவை அவள் அம்மா அனுப்பினாள். அக்கா வராத ஞாயிறு கோகிலாவும் வர முடியாது. அது நால்வருக்கும் தெரியும்.

விளையாட்டை எப்படி நடத்துவது என்று பேச்சிராஜா போனில் பார்க்காத வீடியோ இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வை என்றார் ஒருவர். எதையும் யோசிக்காதே, ஆட்கள் போகிற போக்கில் போ என்றார் இன்னொருவர். கதையை விடு, கதாபாத்திரங்களை மட்டும் தயார் செய் என்றார் மூன்றாமவர். அவன் மூன்றையும் செய்து பார்த்தான். ஒரு வாரம் அட்டைப்பெட்டி நிறைய வரைபடம். அடுத்த வாரம் வரைபடமே கிடையாது. ஒரு வாரம் அடி வாங்கினால் உயிர் குறையும், அடுத்த வாரம் உயிருக்குப் பதில் தைரியம் குறையும்.

"பேச்சிண்ணே, போன வாரச் சட்டத்த நான் இப்பதான் மனப்பாடம் பண்ணேன். அதுக்குள்ள மாத்திட்டீங்களா?" என்று கோகிலா அழாத குறையாகக் கேட்டாள்.

சட்டம் மாறியதே தவிர கதையின் முடிவு மட்டும் மாறவில்லை. டிராம்பே பக்கம் பார்சல் கொண்டுபோன ஒரு நாள், சேற்றுக் கழியைப் பார்த்தபடி சிக்னலில் நின்றபோது அந்த முடிவு அவனுக்குத் தோன்றியது. உப்பங்கழிக்கு நடுவே ஒரு பெரிய பாலம். மூன்று பேரும் அதன் நடுவில் நிற்கும்போது பாலம் உடையும். அடியில், தண்ணீருக்குள், மூழ்கிப்போன பழைய நகரம் தெரியும். அதைச் சொல்லும்போது அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்தே மாதக்கணக்கில் அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இதற்கிடையில் மாலதியின் வீடு தொலைவில் முலுண்டுக்கு மாறிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைக்காக ரயில்வேயின் மெகா பிளாக் வேறு. பாதி வண்டிகள் ஓடவில்லை. வேர்த்து விறுவிறுத்து ஏணி ஏறியவள் தோல் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏல ராசா, நசுங்கிச் செத்து வந்திருக்கேன். எனக்கு லீவே இந்த ஒரு நாள்தான். இன்னைக்குப் பாக்கேன். இதே மாதிரிதான் போகும்னா இனிமே வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கிடுவேன்."

கோகிலா பேச்சிராஜாவைப் பார்த்தாள். பேச்சிராஜா தப்ரேஸைப் பார்த்தான். தப்ரேஸ் டைஸைப் பார்த்தான். அக்கா போனால் கோகிலா போவாள். இரண்டு பேரை வைத்துக்கொண்டு கதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

"இன்னைக்குப் பிச்சிரலாம்க்கா," என்றான் பேச்சிராஜா. ஒரு கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கதை தொடங்கியது. மூவரும் கழியைக் கடக்க வேண்டும்.

"நான் படகுல போறேன்," என்றாள் மாலதி.

"படகுல ஓட்டை."

"அடைக்கேன்."

"அலை ஜாஸ்தி. கரைக்கே திரும்பி வந்துட்டீங்க. அங்ஙன பாத்தா, பாலம்."

"எனக்குப் பாலமும் வேண்டாம் படகும் வேண்டாம். நான் படுத்துத் தூங்குதேன்," என்றான் தப்ரேஸ்.

"முழிச்சுப் பாக்க. காவக்காரங்க உன்னத் தூக்கிட்டு வந்து பாலத்து மேல போட்டிருக்காங்க."

"அரே, கட்டிலோடயா?"

கோகிலா சிரித்துவிட்டாள். மாலதி சிரிக்கவில்லை. "என் படகு அக்கரை சேரணும், டைஸையாவது உருட்ட விடுதியா?" என்று கேட்டு உருட்டினாள். இருபது. அதற்கு மேல் எண் கிடையாது; கேட்டது நடந்தே ஆக வேண்டும். பேச்சிராஜாவும் விடவில்லை.

"படகு பறக்குது. அப்படியே போயி... பாலத்துக்கு அடியில நிக்குது."

மாலதி டைஸைத் தரையில் வைத்தாள். "நீ எங்கல இறங்குவ?"

"என்னதுக்கா?"

"காலையில டிரெயின்ல லேடீஸ் டப்பாவுல ஏறுனதும் உக்காந்திருக்கவகிட்ட முதல்ல அதத்தான் கேப்பேன். அவ காட்கோபர்ம்பா. காட்கோபர்ல அந்த சீட்டு எனக்கு. அப்புறம் யார் கேட்டாலும் புக் ஆயிட்டும்பா. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி குர்லாவுல நான் இறங்கிருவேன், ஆனாலும் கேப்பேன். நீ முதல் ஸ்டேஷன்ல ஏறி ஜன்னலோரம் பிடிச்சவன் மாதிரி உக்காந்திருக்க. நாங்க மூணு பேரும் உன் மூஞ்சிக்கு முன்னால கம்பியப் பிடிச்சுத் தொங்குதோம். மாசக்கணக்காத் தொங்குதோம்ல. எங்க இறங்குவ, அத மட்டும் சொல்லு."

பேச்சிராஜா எழுந்தான். கூரைத் தகரம் தலையில் தட்டியது. ஏணி வாயில் போய் நின்றான். இந்த நகரத்தை உண்டாக்கினவனே நான்தானே என்று வாய்வரை வந்தது. டிரெயினில் அவனிடம் யாரும் எங்கே இறங்குவாய் என்று கேட்டதில்லை. கதவில் நிற்கிறவனிடம் எதைக் கேட்பது? உட்காரவே தெரியாதவன் என்று ஊர் சொன்னதை அவனும் நம்பியிருந்தான். கதை சொல்லும் இந்தச் சீட்டில் மட்டும் எழுந்திருக்க மறுத்திருக்கிறான்.

"பாலத்துக்கு முன்னால," என்றான் திரும்பாமலே.

"என்ன?"

"பாலத்துக்கு முன்னால இறங்கிருதேன். படகு பறந்தத விட்டுருங்க, கரையிலருந்து கிளம்புற வரைக்கும்தான் நான் சொல்லுவேன். சீட்டு யாருக்கு வேணும்?"

அந்தப் பாலத்துக்காகத்தான் இத்தனை ஞாயிறும் ஏணி ஏறினான்.

"எனக்கு புக்!" என்று முதலில் கத்தியது, சத்தமே போடாத கோகிலா. எங்கே இறங்குவாய் என்று மாலதி கேட்க, "அக்கரையில விளக்கு தெரியுற வரைக்கும்" என்றாள். சொல்லத் தொடங்கினாள். படகில் ஏற்கெனவே ஒரு கிழவர் ஒளிந்திருந்தாராம். யார் அவர் என்று பேச்சிராஜாவுக்கே தெரியாது.

ஆனால் உடனே வண்டி தடம் புரண்டது. டிரெயினில் செய்வதையே மூன்று பேரும் இங்கேயும் செய்தார்கள். ஒருத்தி வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன் சீட்டு கேட்டான். கிழவர் என்ன சொன்னார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"நான்தான் முதல்ல கேட்டேன்!"

"பொய் சொல்லாத தப்ரேஸண்ணே, அது எனக்கு."

தப்ரேஸ் ஒருவழியாக இடம் பிடித்ததும், "படகுல ஒரு ராஜா ஏறுதாரு. அவரு சாகுற வரைக்கும் நான்தான்" என்று சம்மணம் போட்டான்.

"கடைசி ஸ்டேஷன் கர்ஜத் போறவன் மாதிரில்ல உக்காருதான்," என்றாள் மாலதி. "ஏறுனதும் குறட்டை விட்டுருவான்."

இந்தக் கூத்தையெல்லாம் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்த பேச்சிராஜாவுக்குக் கை பரபரத்தது. தானே சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடக்கிக்கொண்டான். பழுது எங்கே என்று நிற்கிறவனுக்குத்தான் தெரிந்தது. நிற்கிறவர்களுக்குக் கதையில் செய்ய ஒன்றுமில்லை. அதனால்தான் சீட்டுக்குப் பறக்கிறார்கள்.

"ஏல, மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளுக்கு ஓரமா இடம் விடுவாங்கல்ல? அதையும் சேத்துக்கிடுவோம். நிக்கிற ஆளு ஓரமா உக்காந்து ஒரே ஒரு விசயம் சொல்லலாம். கதை சொல்லுற ஆளு அத மறுக்கக் கூடாது. மறுத்தே ஆகணும்னா டைஸை உருட்டிக் கேக்கணும்."

"தூரமாப் போறவன் கட்டாயம் இடம் விடணும்," என்றாள் கோகிலா தப்ரேஸைப் பார்த்து. தப்ரேஸ் முனகியபடி நகர்ந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று பிரிக்க முடியாதபடி கதை ஓடியது. தப்ரேஸின் ராஜாவுக்கு நீச்சல் தெரியாது என்று கோகிலா ஓரத்தில் உட்கார்ந்து சொருகினாள். தப்ரேஸ் பாவம், அந்த ராஜாவைக் காப்பாற்றவே படாத பாடுபட்டான்; கடைசியில் ராஜா செத்தும் தொலைத்தார். கீழே இருந்து வந்த டீ ஆறி ஆடை கட்டியது. சீட்டு மாலதிக்கு வந்தது. படகைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மேல ஆளே இல்ல. ஆனா யாரோ கல்லத் தட்டுத சத்தம் கேக்குது."

பேச்சிராஜா ஓரமாக உட்கார்ந்தான். ஒரே ஒரு விசயம் சொல்லலாம். பாலம் உடைகிறது. நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அக்கா லேசில் மறுக்கவும் முடியாது. மூன்று பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். பாலத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறான் என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

"ஒரு கல்லு... ஆடுது," என்றான்.

மாலதி அவனை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். "ஆடட்டும். தட்டுதது யாருன்னு எனக்குத் தெரியும்." போனைப் பார்த்தாள். "ஐயோ, இந்த வண்டிய விட்டா அடுத்தது எப்போன்னு ரயில்வேக்காரனுக்கே தெரியாது."

"அக்கா! யாரு தட்டுதா?"

அவள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தோல் கட்டின் மேல் விரித்தாள். "நான் இன்னும் இறங்கலல. எவனாவது இதுல உக்காந்தீங்க, பாத்துக்கிடுங்க." விடுவிடுவென்று ஏணியில் இறங்கிவிட்டாள்.

அன்று பேச்சிராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதை எங்கே போகும் என்று தெரியாமல் இருப்பது அவனுக்குப் புதிது. வார நடுவில் செம்பூருக்குக் கொண்டுபோக ஒரு பார்சல் கிடைத்தது. முகவரி வேறு தெரு. ஆனால் பைக் நின்றது மாலதியின் பரிசோதனைக் கூடத்து வாசலில்.

"அக்கா, தட்டுதது யாரு? பேர மட்டும் சொல்லுங்க."

கவுண்டருக்குப் பின்னால் மாலதி நிமிரவே இல்லை. "டோக்கன் எடுத்துட்டு உக்காருல. ஞாயித்துக்கிழம கூப்பிடுதேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிராஜா டோக்கனைக் கிழித்துக்கொண்டான். உட்காரவில்லை. பார்சலைக் கக்கத்தில் இடுக்கியபடி கதவோரம் கொஞ்ச நேரம் நின்றான், அவள் வாய் தவறியாவது சொல்லிவிடுவாளோ என்று.